கை பழகிய ஆள் எதிர்க்கடைக்குப் போகாமல் இருக்க: நான்-கம்பீட்டா, பாண்டா, சம்பளமா? பிரான்சைஸ் நடத்துகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். மடிப்பாக்கத்தில் சலூன் பிரான்சைஸ் எடுத்திருக்கிற ஒரு தம்பி, போரூரில் டீக்கடை பிரான்சைஸ் நடத்துகிறவர், அண்ணா நகரில் மழலையர் பள்ளி பிரான்சைஸ் எடுத்திருக்கிற ஒரு தோழி. "அக்கா, ஆளை எடுத்து, சோறு போட்டு, தொழில் கத்துக்கொடுத்தா கை பழகினதும் பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க. வேலையை விட்டா பக்கத்துல இதே தொழில் செய்ய மாட்டேன்னு நான்-கம்பீட் எழுதி வாங்கிடலாமா? உங்ககிட்ட ஃபார்மேட் இருந்தா அனுப்புங்க."

ஃபார்மேட் அனுப்பவில்லை, அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். நங்கநல்லூரில் ஒன்பது வருடமாக ஒரு சலூன் பிரான்சைஸ் நடத்துகிறேன். நான்-கம்பீட், பயிற்சி பாண்ட் (சொன்ன காலத்துக்கு முன்னால் போனால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்), ஏஜென்சி ஆட்கள், சம்பளத்தைக் கூட்டுவது என்று எல்லாவற்றையும் ஏதோ ஒரு சமயத்தில் செய்து பார்த்தாகிவிட்டது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாதாரண ஊழியரிடம் நான்-கம்பீட் வாங்குவது வீண், சில சமயம் கெடுதலும்கூட. ஆனால் அது சரியாக வேலை செய்கிற ஓர் இடமும் இருக்கிறது, அதைப் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன். கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா? அமல்படுத்த எவ்வளவு பணமும் நேரமும் ஆகும்? புதிதாகச் சேர வருகிறவர் அதைப் பார்த்துப் பயந்து ஓடுவாரா? நாம் உண்மையில் பயப்படுகிற நஷ்டத்தை அது தடுக்குமா? நமக்கும் பிரான்சைஸ் கம்பெனிக்கும் இருக்கிற ஒப்பந்தத்தோடு மோதுமா?

நாலாவதுதான் முக்கியம். "ஆள் போகக் கூடாது" என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் சலூனில் உண்மையான நஷ்டம் ஸ்டைலிஸ்ட்டோடு சேர்ந்து கஸ்டமர் போவது. டீக்கடையில் கஸ்டமர் போக மாட்டார், காலை ஐந்தரைக்குக் கடை திறக்க ஆள் இல்லாமல் போவதுதான் நஷ்டம். மழலையர் பள்ளியில் ஒரு டீச்சர் போனால் பத்துப் பெற்றோர் பின்னாலேயே போகலாம். மூன்றுக்கும் ஒரே காகிதம் மருந்தாகாது.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் அமெரிக்கச் சமாச்சாரம். அங்கே 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக ஆணையம் நான்-கம்பீட்டுக்கு நாடு முழுவதும் தடை கொண்டுவந்தது, ஆகஸ்டில் டெக்சாஸ் கோர்ட் அதை ரத்து செய்தது, 2025 செப்டம்பரில் ஆணையமே மேல்முறையீட்டைக் கைவிட்டது. அதற்கு முன்பே, சாண்ட்விச் போடுகிற பையன்களிடம்கூட நான்-கம்பீட் வாங்கி வந்த ஜிம்மி ஜான்ஸ் என்ற கடைச் செயின், அரசு வழக்கறிஞர்கள் தலையிட்டதால் 2016இல் அதைக் கைவிட்டது. படிக்க நன்றாக இருக்கும், நங்கநல்லூருக்கு உதவாது. நமக்கு 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது, அதன் 27ஆம் பிரிவு நேரடியாகவே பேசுகிறது: ஒருவரைச் சட்டப்படியான தொழில் செய்யவிடாமல் தடுக்கிற ஒப்பந்தம், அந்தத் தடை அளவுக்குச் செல்லாது.

## ஆள் எடுப்பதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

பிரான்சைஸ் கம்பெனியோடு போட்ட கத்தையில் மூன்று ஷரத்துகளைத் தேடுங்கள்.

முதலாவது, நீங்களே போட்டித் தொழில் செய்யக் கூடாது என்பது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை இது உங்களைக் கட்டும். 1995இல் குஜராத் பாட்லிங் நிறுவனத்துக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: பிரான்சைஸ் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும் காலத்துக்கு மட்டுமான தடை, தொழிலைத் தடுப்பதாக ஆகாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் தடைக்கு 27ஆம் பிரிவு குறுக்கே வரும். இரண்டாவது, அதே பிராண்டின் இன்னொரு கிளையிலிருந்து ஆள் எடுக்கக் கூடாது என்பது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் இந்த மாதிரி ஷரத்தை 2017இல் எடுத்துவிட்டது, அடுத்த வருடத்திலிருந்து வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் நூற்றுக்கும் மேற்பட்ட செயின்களிடம் கைவிட வைத்தார். இங்கே கையெழுத்துப் போடும்போது அந்த வரியை யாரும் படிப்பதில்லை. வேளச்சேரிக் கிளைப் பெண் வீடு மாறியதால் நங்கநல்லூரில் வேலை கேட்டு வந்தபோதுதான் நான் படித்தேன். மூன்றாவது, உங்கள் ஊழியர் எல்லோரிடமும் நான்-கம்பீட் வாங்கித் தர வேண்டும் என்பது. இது இருந்தால், வாங்குவதற்கு முன்பே கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்: இதை அமல்படுத்தும் செலவு யாருடையது? ஊழியருக்கு முதலாளி நீங்கள்தான். சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி, வழக்கு எல்லாம் உங்கள் தலையில்தான் வரும், போர்டில் யார் பெயர் இருந்தாலும்.

## வழி 1: நான்-கம்பீட்

வேலையில் இருக்கும்போது வேறிடத்தில் வேலை செய்யக் கூடாது என்று எழுதினால் அது செல்லும். 1967இல் கோலிகரி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. வேலையை விட்ட பிறகு கூடாது என்றால் கதை வேறு. 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கிலும், ஒப்பந்தக் காலம் முடிந்தபின் தொடரும் தடை செல்லாது என்றுதான் வந்தது.

"அக்கா, வாழ்நாள் பூரா கேக்கலையே, ஒரு வருஷம், மூணு கிலோமீட்டர் தானே" என்று மடிப்பாக்கம் தம்பி கேட்டார். இதற்கு 1874லேயே பதில் வந்துவிட்டது. கல்கத்தாவில் ஒரே வட்டாரத்தில் போட்டி போட்ட இரண்டு கடைக்காரர்கள், ஒருவர் அந்தப் பகுதியில் கடையை மூடிக்கொண்டால் மற்றவர் பணம் தருவதாக ஒப்பந்தம். அந்த ஒரு பகுதிக்கு மட்டுமான தடைகூடச் செல்லாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொஞ்சம் தடை, நியாயமான தடை என்று நம் சட்டத்தில் தனிச் சலுகை இல்லை.

என் அனுபவம் இது. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சீனியர் ஸ்டைலிஸ்ட், ஒரு வருடம், ஐந்து கிலோமீட்டர் என்று கையெழுத்துப் போட்டவர், ஆடி கடைசியில் நின்றார். ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு தெரு தள்ளிச் சொந்தக் கடை. வக்கீல் சார் "இது நிக்காதும்மா" என்றுதான் சொன்னார், நான்தான் கோபத்தில் நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்றேன். ஒரு பக்கத்தில் பதில் வந்தது, 27ஆம் பிரிவைக் காட்டி. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதம் ஜூனியர் பெண்கள் இரண்டு பேர் வேலையை விட்டார்கள். ஒருத்தி நேராகவே சொன்னாள்: "நாளைக்கு எனக்கும் நோட்டீஸ் அனுப்புவீங்களோன்னு பயமா இருக்கு மேடம்." எனக்கு ஆன பெரிய செலவு அதுதான். நோட்டீஸ் ஃபீஸ் ஒருமுறையோடு போச்சு, அந்த வார்த்தை மட்டும் கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

எப்போது இது சரி? நீங்கள் நடக்கிற ஒரு கடையை விலைக்கு வாங்கும்போது. 27ஆம் பிரிவிலேயே இருக்கிற விதிவிலக்கு இது: கடையின் நற்பெயரோடு சேர்த்து விற்கிறவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொள்ளலாம், எல்லை நியாயமாக இருந்தால் அது செல்லும். பழைய பிரான்சைஸ் ஓனரிடமிருந்து கடையை எடுக்கிற எத்தனையோ பேர், இன்டீரியருக்கும் ஏசிக்கும் பேரம் பேசிவிட்டு இந்த ஒரு வரியை எழுதாமல் விடுகிறார்கள். ஆறு மாதத்தில் அவரே எதிர்த்தெருவில் வேறு பெயரில் உட்கார்ந்திருப்பார்.

## வழி 2: பயிற்சி பாண்ட்

"இத்தனை மாதம் இருக்க வேண்டும், முன்னால் போனால் இவ்வளவு கட்ட வேண்டும்." இதற்கு சட்டத்தில் இடம் உண்டு. 2025 மே மாதம் விஜயா பேங்க் வழக்கில், மூன்று வருடம் முடியுமுன் போன அதிகாரி 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதைக் காட்டி நிறையப் பேர் குதிக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அங்கே பாண்டில் கையெழுத்துப் போட்டவர் பெரிய சம்பளத்து அதிகாரி, பொதுத்துறை வங்கி ஒரு காலியிடத்தை நிரப்ப விளம்பரம், தேர்வு என்று பெரிய செலவு செய்ய வேண்டியிருக்கிறது, அதைத்தான் கோர்ட் கணக்கில் எடுத்தது. பதினெட்டாயிரம் சம்பளத்துப் பெண்ணிடம் 2 லட்சம் என்று எழுதினால் அதே பதில் வரும் என்று நம்பாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே, நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும்.

அதனால் கணக்கை உண்மையாக வையுங்கள். உதாரணத்துக்கு, அகாடமி ஃபீஸ் 30,000, தங்கினதும் போய்வந்ததும் 10,000, மொத்தம் 40,000 ரூபாய், எல்லாவற்றுக்கும் பில். பன்னிரண்டு மாதம் இருந்தால் பூஜ்யம், ஆறு மாதத்தில் போனால் 20,000, மாதத்துக்கு மாதம் குறையும். அந்தச் சமயம் கொடுத்த சம்பளத்தை இதில் சேர்க்காதீர்கள், அவர் அதற்கு வேலை செய்திருக்கிறார். கடையிலேயே சீனியர் பக்கத்தில் நிற்க வைத்துக் கற்றுக்கொடுத்ததற்குப் பாண்ட் போட்டால் காட்ட ஒரு பில்லும் இருக்காது.

மறைந்திருக்கும் செலவு வசூலில்தான். வேலையை விட்டவரின் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்கும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களில் சம்பளத்தை முடித்துவிட வேண்டும். எதையெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்பதற்குப் பட்டியல் இருக்கிறது, மொத்தப் பிடித்தம் பாதியைத் தாண்டக் கூடாது. ஆக பாண்ட் பணத்துக்குத் தனியாக வழக்குப் போட்டுக் கோர்ட்டுக்குப் போய்வர வேண்டும். 20,000 ரூபாய்க்கு யார் போவார்கள்?

இரண்டு விஷயம் செய்யவே கூடாது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் பெரிய அட்வான்ஸ் கொடுத்து "அது தீரும்வரை போகக் கூடாது" என்று சொல்லாதீர்கள். மிசோரம், மணிப்பூரிலிருந்து வந்து நம் கடையிலேயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகளிடம் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் போய் விழும். சட்டம் இல்லாவிட்டாலும் அது தவறுதான்.

## வழி 3: ரகசியமும் கஸ்டமர் பட்டியலும்

ஆளை நிறுத்த முடியாது, ஆனால் கடையின் தகவலை எடுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளலாம். விலைப் பட்டியல், கலவை அளவு, கஸ்டமர் நம்பர்கள் ஆகியவற்றை வெளியே பயன்படுத்தக் கூடாது என்பது நான்-கம்பீட்டைவிட எவ்வளவோ பலமான ஷரத்து. பிழைப்பைத் தடுக்கவில்லை, கடையின் சொத்தை மட்டும் கேட்கிறது. சேர வருகிறவர்களும் இதைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை.

ஆனால் காகிதத்தைவிட நடைமுறைதான் காப்பாற்றும். என் கடையில் கஸ்டமரோடு பேசுவது கடையின் சிம்மில், கடையின் வாட்ஸ்அப்பில் மட்டும். பில்லிங் மென்பொருளில் ஸ்டைலிஸ்ட்டுக்கு நம்பரின் கடைசி நாலு எண் மட்டும் தெரியும். முன்பெல்லாம் ஒவ்வொருவர் போனிலும் முந்நூறு நம்பர் இருந்தது, பிறகு எந்தக் காகிதத்தால் அதைத் திரும்ப வாங்குவது? இதிலும் ஒரு எல்லை இருக்கிறது. ஒரு அம்மா பத்து வருடமாக அந்தப் பெண்ணிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார், அவராகவே தேடிப் போனால் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை, தடுக்கவும் கூடாது. பிரான்சைஸ் ஒப்பந்தத்தில் கஸ்டமர் விவரம் கம்பெனியின் சொத்து என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் நீங்களே அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

மேனேஜர், ரிசப்ஷன், மழலையர் பள்ளியில் சென்டர் ஹெட் மாதிரியான பொறுப்புகளுக்கு இதுதான் முதல் தேர்வு. டீ போடுகிறவருக்குத் தேவையில்லை.

## வழி 4: இருப்பதற்குப் பணம்

நான் வந்து நின்ற இடம் இது. மாதம் 2,000 ரூபாய் கூட்டினால் ஆறு பேருக்கு வருடத்துக்கு 1,44,000. கேட்டவுடன் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் ஒரு சீனியர் போனால் புது ஆள் கிடைக்கும்வரை காலியாகக் கிடக்கும் நாற்காலி, ஏஜென்ட் கமிஷன், பயிற்சி, அவரோடு போன கஸ்டமர்கள் என்று உங்கள் கடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். என் கடையில் முகூர்த்தச் சீசனில் ஒரு ஆள் போனாலே அந்தத் தொகையில் பாதி போய்விடுகிறது.

எல்லாவற்றையும் மாதச் சம்பளத்தில் ஏற்ற வேண்டியதில்லை. வருடம் முடித்தால் ஒரு தொகை, இரண்டு வருடத்துக்கு இன்னும் கொஞ்சம், அதைத் தீபாவளி போனஸோடு குழப்பாமல் தனியாகக் கொடுப்பது நன்றாக வேலை செய்கிறது. மணப்பெண் அலங்காரத்தை ஊழியர் ஞாயிற்றுக்கிழமை திருட்டுத்தனமாகப் போய்ச் செய்வதைத் தடுக்கச் சட்டத்தில் உரிமை இருக்கிறது, ஆனால் நான் அதைக் கடை வழியாகவே எடுத்து ஒரு பங்கு அவருக்குக் கொடுக்கிறேன். பாதிப் பேர் சொந்தக் கடை யோசனையை இதனால் ஒத்திப்போட்டார்கள்.

இதிலும் மறைந்த செலவு உண்டு. பிரான்சைஸ் கம்பெனிக்குக் கட்டும் ராயல்டி லாபத்தில் போவதில்லை, மொத்த விற்பனையில் போகிறது. விற்பனையில் இன்சென்டிவ்வும் கொடுத்தால் ஒரே ரூபாயில் இரண்டு பேர் பங்கு கேட்கிறார்கள், ஆகவே ராயல்டி போக மிஞ்சுவதில் இன்சென்டிவ்வைக் கணக்கிடுங்கள். பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ, 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம். இருபது பேர் ஆனால் பிஎஃப், முதலாளி பங்கு 12 சதவீதம். அலவன்ஸ்களாகப் பிரித்து அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டும் வழியும் புதிய சட்டத்தில் அடைபட்டுவிட்டது, அலவன்ஸ் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது ஊதியத்தில் சேர்ந்துகொள்ளும்.

பணம் இல்லாமலும் சில இருக்கிறது. உட்கார நாற்காலி (தமிழ்நாட்டில் 2021லிருந்து கடைகளில் அது சட்டமே), வாரவிடுமுறையை வெள்ளிக்கிழமையே சொல்வது, ஒன்றாம் தேதி சம்பளம். இவற்றுக்காகவே நின்றவர்களை எனக்குத் தெரியும்.

## வழி 5: ஏஜென்சி மூலம் ஆள்

"ஆள் போனால் அவர்கள் பொறுப்பு" என்பதுதான் ஈர்ப்பு. கணக்கைப் பாருங்கள். சம்பளம் 20,000, ஏஜென்சி கட்டணம் 8 சதவீதம் என்று வைத்தால் 1,600, மொத்தத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,888. ஆக 25,488 ரூபாய், பிஎஃப் இஎஸ்ஐ தனி. ஓட்டல்களுக்கு 5 சதவீத ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி (நாம் வாங்குவதற்குக் கட்டிய ஜிஎஸ்டி) திரும்ப வராது என்பது பழைய செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் சலூனும் அதே 5 சதவீதத்துக்கு வந்துவிட்டது, நமக்கும் வராது. அந்த 3,888 முழுக்கச் செலவு. நேரடியாக எடுத்த ஆளின் சம்பளத்துக்கு ஜிஎஸ்டியே இல்லை.

ஏஜென்சி ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருக்கும்: அவர்கள் ஆளை நீங்கள் நேரடியாக எடுத்தால் கட்டணம். நாம் மற்றவர்மேல் போட நினைத்த தடை நம்மேலேயே விழுகிறது. சம்பளத்தை ஏஜென்சி கொடுக்காமல் விட்டால் ஊழியர் நம் வாசலில்தான் வந்து நிற்பார், சட்டமும் அவர் பக்கம்தான். கடை திறந்த முதல் மூன்று மாதத்துக்கும், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலைகளுக்கும் இது சரி. கஸ்டமரின் தலையில் கை வைக்கிற வேலைக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | கோர்ட்டில் | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| நான்-கம்பீட் | வேலையில் இருக்கும்வரை செல்லும், பிறகு செல்லாது | நோட்டீஸ், மற்ற ஊழியர்களின் பயம் | கடையை விலைக்கு வாங்குகிறவர் |
| பயிற்சி பாண்ட் | உண்மைச் செலவு அளவுக்கு | வசூலிக்கும் அலைச்சல் | வெளியே பணம் கட்டிப் பயிற்சி கொடுப்பவர் |
| ரகசிய ஷரத்து | நான்-கம்பீட்டைவிட பலம் | மென்பொருள், தினசரிக் கண்காணிப்பு | மேனேஜர், சென்டர் ஹெட், சீனியர் |
| இருப்பதற்குப் பணம் | கோர்ட்டே தேவையில்லை | ராயல்டியோடு சேரும் சுமை, பிஎஃப் | கஸ்டமர் ஆளைப் பார்த்து வரும் கடை |
| ஏஜென்சி | ஏஜென்சி தவறினால் பொறுப்பு நம்மேல் | திரும்ப வராத 18% வரி | தற்காலிக, துணை வேலைகள் |

## கேட்ட மூவருக்கும்

மடிப்பாக்கம் தம்பி: நாலாவது வழியும், சீனியர் இருவருக்கு மூன்றாவதும். அகாடமிக்கு அனுப்புகிற பெண்ணுக்கு மட்டும் பாண்ட், பில் அளவுக்கு. பழைய ஆஃபர் லெட்டரில் இருக்கும் நான்-கம்பீட் வரியை எடுத்துவிட்டேன் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அது ஒன்றே பாதி வேலையைச் செய்யும்.

போரூர் அண்ணன்: உங்களுக்குக் காகிதமே வேண்டாம். ஷிஃப்டுக்கு ஒரு ஆள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், காலை ஷிஃப்டுக்கு நூறு ரூபாய் அதிகம் கொடுங்கள்.

அண்ணா நகர் தோழி: சென்டர் ஹெட்டிடம் ரகசிய ஷரத்து, அதோடு கல்வியாண்டு நடுவில் போகாமல் இருக்க, வேலையை விடுவதை மூன்று மாதம் முன்பே சொல்லும் நோட்டீஸ், ஏப்ரல் கடைசியில் ஒரு தொகை. நோட்டீஸ் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும், அவர் மூன்று மாதம் என்றால் நீங்களும் மூன்று மாதம். பெற்றோரிடம் நம்பிக்கை ஒரு டீச்சர்மேல் மட்டும் நிற்காமல், மாதம் ஒருமுறை நீங்களும் அவர்களைச் சந்தியுங்கள்.

மூவரும் எதைச் செய்வதானாலும் அப்பாயிண்ட்மென்ட் லெட்டரைத் தமிழில் கொடுங்கள், படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள், ஒரு பிரதி அவர் கையில் இருக்கட்டும். சலூன்காரர்கள் இந்தப் பேச்சை ஆடிக்குள் முடித்துவிடுவது நல்லது. கடையும் காலியாக இருக்கும், அவர்களும் யோசிக்க நேரம் இருக்கும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் காகிதத்தை நீட்டினால், அவர் கையெழுத்துப் போடுவதற்குப் பதில் எதிர்க்கடையில் என்ன தருகிறார்கள் என்று விசாரிக்கப் போவார்.